பக்கத்து வீட்டு மிக்ஸி

சத்தம் சரியாக நாற்பதில் தொடங்கும். முள் நாற்பதைத் தொட்டதும் காரின் முன்பக்கம் எங்கிருந்தோ ஒரு முனகல். ஐம்பதில் கொஞ்சம் தடிக்கும். அறுபதில் பேச்சுக்கு நடுவே வந்து உட்கார்ந்துகொள்ளும். முப்பதுக்கு இறங்கினால் ஆளே இல்லை. பின் சீட்டில் இருந்த மகள்தான் முதலில் சொன்னாள்: "அப்பா, பக்கத்து வீட்டுல யாரோ மிக்ஸி போடுற மாதிரி இருக்கு." இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அப்புறம் ஒரு மாதம் அந்தச் சத்தத்தோடு அலைந்தேன், அதைவிடச் சரியாக யாரும் சொல்லிக் கேட்கவில்லை. நம் வீட்டு மிக்ஸி என்றால் காதைக் கிழிக்கும். இது சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ சட்னி அரைப்பது.

"ரோடு சரியில்ல" என்றேன். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். வண்டி போய்க்கொண்டிருந்தது சென்னையின் ரேடியல் ரோட்டில், அதுவும் நல்ல தார் உள்ள பகுதியில்.

சத்தத்தின் காரணம் எனக்குத் தெரியாது. ஆனால் அது எந்த நாளில் பிறந்திருக்கும் என்று தெரியும். அதை மட்டும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

2024 அக்டோபரில் வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் கார்களை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தோமே, அந்தப் படத்தைப் பகிர்ந்து சிரித்தவர்கள் இதைப் படிக்கலாம். அந்த வரிசையில் என் காரும் நின்றது. கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் நாராயணபுரம் ஏரிக்கு, அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்புக்கு என்று தண்ணீர் போகிற வழியில் ஈ.எம்.ஐ. கட்டிக் குடியிருப்பவர்களுக்கு அது சிரிப்பு விஷயமாக இல்லை. முந்தைய டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பள்ளிக்கரணை அடுக்ககம் ஒன்றிலிருந்து கார்கள் காகிதக் கப்பல் மாதிரி மிதந்து போன காணொளியை எல்லோரும் பார்த்திருந்தோம். இந்த முறை 16ஆம் தேதிக்குச் சிவப்பு எச்சரிக்கை என்றதும் யோசிக்கவே இல்லை, மேலே ஏற்றிவிட்டேன். அன்று பயந்த அளவுக்குப் பெய்யவில்லை. 17ஆம் தேதி அதிகாலை தாழ்வு மண்டலம் சென்னைக்கு அருகே கரையைக் கடந்துவிட்டுப் போய்விட்டது. காரைப் பத்திரமாக இறக்கிக்கொண்டு வந்தேன். ஒரு கீறல் இல்லை. அவ்வளவு பெருமை எனக்கு.

பெயர் வைக்காத மழை

அடுத்த மாதம் நடுவில் ஒரு வியாழன் மாலை. புயல் இல்லை, எச்சரிக்கை இல்லை, இரண்டு மணி நேரம் அடித்துப் பெய்த ஒரு மழை, அவ்வளவுதான். மகள் டான்ஸ் கிளாஸில் இருந்தாள். மற்ற பிள்ளைகள் எல்லாம் போயாயிற்று என்று டீச்சர் போன் செய்தார். வழக்கமான தெருவின் முனையில் போய் நின்றால் தெருவைக் காணோம், தண்ணீர்தான் இருந்தது. சுற்றிப் போனால் இருபது நிமிடம். எனக்கு முன்னால் ஒரு ஆட்டோ இறங்கிப் போயிற்று. ஆட்டோவே போகிறது, கார் போகாதா? இந்த ஊரில் எத்தனையோ இன்ஜின்கள் இந்த ஒரு கேள்வியில்தான் செத்துப்போயிருக்கின்றன.

முதல் கியர், ஆக்சிலேட்டரை விடாமல், உருட்டிக்கொண்டே போனேன். உள்ளே இருந்து கேட்டால் அது கார் சத்தமாகவே இல்லை. பாதத்துக்குக் கீழே தண்ணீர் தரைத்தட்டை உரசிக்கொண்டு போகிறது, சைலன்ஸர் குடகுடவென்று கொப்பளிக்கிறது. பாதித் தெரு தாண்டியபோது எதிரே ஒரு கனரக வண்டி. சொன்னால் நம்பமாட்டீர்கள், தண்ணி லாரி. ஊரெல்லாம் வெள்ளம், அதில் தண்ணீர் விற்கப் போகிற லாரி. அது கிளப்பிவிட்ட அலை பானெட்டில் வந்து மோதியது. மெதுவாகப் போகச் சொல்லி ஹார்ன் அடித்தேன். முதல் அடி ஒழுங்காகக் கேட்டது. இரண்டாவது அடியில் ஹார்ன் தொண்டை கட்டிய ஆடு மாதிரி கத்தியது.

நான் பயந்தது இன்ஜினுக்கு. அந்தப் பயத்துக்கு வீட்டிலேயே ஒரு காரணம் உண்டு. மிக்ஜாம் சமயத்தில் என் மாமனாரின் கார் இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. வடிந்ததும் அவர் செய்த முதல் வேலை, சாவியைத் திருப்பிப் பார்த்தது. 'டங்' என்று ஒரே ஒரு சத்தம். காற்றும் பெட்ரோல் ஆவியும் இருக்க வேண்டிய சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்திருக்கிறது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே போக இடமில்லாமல் கனெக்டிங் ராட் வளைந்துபோனது. இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார். காரைச் சுற்றி வந்தவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "ஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா சார்?" மாமா நேர்மையான மனிதர், தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். "ஆமா" என்றார். இன்ஜினுக்கென்று தனியாக எடுக்கிற பாதுகாப்பு பாலிசியில் இல்லை. வெள்ளத்தால் நனைந்த சீட்டுக்கும் வயருக்கும் பணம் வந்தது. சாவியைத் திருப்பியதால் போன இன்ஜினுக்கு வரவில்லை. அதன்பின் மாமா ஊருக்கெல்லாம் ஒரே உபதேசம்தான். "தண்ணியக் கண்டா திரும்பி வந்துடுங்க மாப்பிள்ளை. பத்து நிமிஷம் லேட்டானா ஒண்ணும் குடிமுழுகிடாது." நான் கற்றுக்கொண்ட பாடம் வேறு. கார் தண்ணீரில் போயிருந்தால் அதை யாரிடமும் ஒப்புக்கொள்ளக் கூடாது.

இன்ஜின் நிற்கவில்லை. தெருவைத் தாண்டி மேடேறியதும் பிரேக்கை லேசாக மிதித்து மிதித்துக் காயவைத்தேன். மகளை ஏற்றிக்கொண்டு சுற்றுவழியில் வீட்டுக்கு வந்தேன். அவளுக்கே தெரியாது.

அன்றிரவிலிருந்து இரண்டு நாள் காரில் ஒரு கச்சேரி. நனைந்த ஃபேன் பெல்ட், வண்டியைக் கிளப்பியதும் கிறீச் என்று அலறியது. ஐந்து நிமிடம் ஓடிச் சூடானதும் அடங்கிவிட்டது. மறுநாள் காலை பிரேக் மிதித்தால் கரகரவென்று உப்புத்தாள் தேய்ப்பது போல ஒன்று. டிஸ்க் வார்ப்பிரும்பு, நனைந்து ஓர் இரவு நின்றால் போதும், மேலாகத் துரு படிந்துவிடும். நாலு முறை பிரேக் அடித்ததும் பேடே அதைத் துடைத்துவிட்டது. வலது முன்சக்கரத்தில் தகரத்தை ஆணியால் கீறுவது போல ஒரு ஓசை. டிஸ்க்குக்கும் அதன் பின்னால் இருக்கும் தகர மூடிக்கும் நடுவே ஒரு சின்னக் கல் மாட்டியிருந்தது. ரிவர்ஸில் நாலடி போய் முன்னால் வந்ததும் தானாக உதிர்ந்தது. இன்ஜினுக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் தட்டு ஒரு கிளிப் போய் ஐம்பதில் படபடத்தது. முப்பது ரூபாய் கிளிப் வாங்கி நானே மாட்டினேன். ஒவ்வொன்றாக அடங்க அடங்க எனக்குத் தெம்பு வந்தது. ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தேன், காய்ந்திருந்தது. டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன், ஆயில் பால் கலக்காமல் தேன் நிறத்திலேயே இருந்தது. தப்பித்தோம் என்று முடிவு கட்டினேன். ஹார்ன் மட்டும் தேறவில்லை. "ஹார்னுக்கு என்னாச்சுங்க?" என்று மனைவி கேட்டதற்கு, "பழசாயிடுச்சு" என்றேன்.

மூன்று வாரம் ஒரு குறையும் இல்லாமல் போயிற்று. இடையில் பெஞ்சல் புயல் வந்தது, காரை மறுபடி மேடான இடத்தில் நிறுத்தினேன், அதுவும் போனது. அதற்கப்புறம்தான் பக்கத்து வீட்டு மிக்ஸி.

நார்மல் சார்

முதலில் கொண்டுபோனது பெரிய சர்வீஸ் சென்டருக்கு. எது என்று சொல்லப்போவதில்லை, எல்லாம் ஒரே அச்சு. கண்ணாடி அறை, இலவச காபி, கழுத்தில் அட்டை மாட்டிய தம்பி. "என்ன கம்ப்ளெயின்ட் சார்?" நாற்பதில் தொடங்குவது, அறுபதில் தடிப்பது, மிக்ஸி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டேப்லெட்டில் ஒரே சொல்லைத் தட்டினார்: நாய்ஸ். அந்தப் பெட்டியில் அதற்குமேல் எழுத இடமும் இருந்ததாகத் தெரியவில்லை. டெஸ்ட் டிரைவுக்குப் போனோம். ஏசி இரண்டில் ஓடுகிறது, எஃப்.எம். மெல்லப் பாடுகிறது, மாலை நேர நெரிசலில் வண்டி முப்பத்தைந்தைத் தாண்டவில்லை. "நார்மல் சார். டயர் சத்தம்தான்." டயர்களை இடம் மாற்றி, பேலன்ஸிங், அலைன்மென்ட் பார்த்து, 1,850 ரூபாய் பில். வெளியே வந்து நாற்பதைத் தொட்டதும் மிக்ஸி போட ஆரம்பித்தார்கள்.

அந்தத் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். டயர் தேய்மானம் சரியில்லை என்றாலும் இதே மாதிரி முனகல் வரும். அனுபவசாலிகளே ஏமாறுவார்கள். எனக்கு உறுத்தியது அந்த ஒற்றைச் சொல். எத்தனை விதமாகச் சத்தம் போடுகிற ஒரு இயந்திரத்தை 'நாய்ஸ்' என்று ஒரு பெட்டிக்குள் அடைத்துவிட்டு எதைத் தேடுவது? வயிற்று வலி என்று போனால் எரியுதா, பிடிக்குதா, குத்துதா, சுருட்டுதா என்று டாக்டர் கேட்கிறார் இல்லையா?

எங்கள் தெரு முனையிலிருந்து அரை கிலோமீட்டரில், ஒரு வேப்பமரத்தடியில் மெக்கானிக் பாயின் ஷெட். அறுபதை நெருங்குகிற மனிதர். வாசலை அடைத்து ஒரு குட்டியானை மினி லாரி நின்றது. ஹார்ன் அடித்து நகர்த்தச் சொல்லி, காரை உள்ளே விட்டேன். நாற்பதில் தொடங்குகிற ஒரு சத்தம் என்று ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கொர்ருனு வருதா, ங்கொய்னு வருதா?"

சென்னையில் வளர்ந்தவனுக்கு அந்த இரண்டாவது சொல் வேறு ஞாபகம் தரும். ஒரு நொடி தூக்கிவாரிப் போட்டது. அவர் முகத்தில் சிரிப்பில்லை. யோசித்துப் பார்த்து, "ங்கொய்" என்றேன்.

"ரோடு மாறினா சத்தம் மாறுதா? தார்ல ஒண்ணு, சிமென்ட்ல ஒண்ணுன்னு?"

"இல்ல பாய், ஒரே மாதிரிதான்."

"வளைக்கும்போது டக் டக்குனு வருதா? பள்ளத்துல இறங்கினா லொடலொடன்னுதா?"

"ரெண்டும் இல்ல."

"தண்ணில விட்டீங்களா?"

"இல்லையே பாய்" என்றேன். சர்வேயர் முகம்தான் நினைவில் வந்தது. இங்கே பாலிசியும் இல்லை, சர்வேயரும் இல்லை, பொய் சொல்வதால் ஐந்து பைசா லாபமில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. "காலைல ஆறு மணிக்கு வாங்க, ரோடு காலியா இருக்கும்" என்றார்.

பள்ளிக்கூடத்தில் இரட்டைக்கிளவி என்று ஐந்து மார்க்குக்குப் படித்தோம். பிரித்தால் பொருள் தராது என்று உருப்போட்டதோடு சரி. பாய் ஷெட்டில் அதை வைத்துத்தான் பிழைப்பு நடக்கிறது. கிறீச் என்றால் பெல்ட். கரகர என்றால் பிரேக். லொடலொட என்றால் சஸ்பென்ஷன் லிங்க். வளைக்கையில் டக் டக் என்றால் ஆக்சிலின் ஜாயிண்ட், அதன் ரப்பர் கிழிந்து கிரீஸ் போயிருக்கும். அவர் யாரிடமும் இலக்கணம் படித்ததாகத் தெரியவில்லை. ஆனால் ஒரு எழுத்து மாறினால் எந்த உதிரிப்பாகம் மாறும் என்று அவருக்குத் தெரியும்.

ஆறு மணி, ரேடியல் ரோடு

மறுநாள் காலை அவரே ஓட்டினார். உட்கார்ந்ததும் செய்த முதல் வேலை, ஏசியை அணைத்தது. பிறகு எஃப்.எம். பிறகு, என் சட்டைப்பையில் சில்லறை குலுங்கியது, அதையும் எடுத்து சீட்டில் வைக்கச் சொன்னார். நாலு கண்ணாடியையும் இறக்கினார். சதுப்பின் ஓரமாகப் போகும்போது பனியும் சேற்று வாடையும் உள்ளே வந்தன. தூரத்தில் பறவைகள் வெள்ளைப் புள்ளிகளாக நின்றன. அறுபது. மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. சட்டென்று கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குத் தள்ளினார். இன்ஜின் அடங்கிப்போனது, சத்தம் அடங்கவில்லை. "இன்ஜின் இல்ல" என்றார், என்னைப் பார்க்காமல். எனக்கு நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. பிறகு மீடியன் சுவருக்குப் பக்கமாக ஒட்டி ஓட்டினார். சுவரில் மோதித் திரும்பி வருகிற சத்தத்தைத் தலையைச் சாய்த்துக் கேட்டார். சுவர் இருந்த வலப்பக்கத்தில் சத்தம் மங்கலாகத்தான் இருந்தது.

அப்புறம்தான் அதைச் செய்தார். பின்னால் வண்டி வரவில்லை என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, ஸ்டியரிங்கை மெல்ல இடப்பக்கம் ஒடித்தார். மிக்ஸி நின்றுவிட்டது. முழு நிசப்தம். மெல்ல வலப்பக்கம் ஒடித்தார். ங்கொய்ய்ய் என்று இரண்டு மடங்காக எழுந்தது. மறுபடி இடம், நிசப்தம். மறுபடி வலம், ஊளை. ஒரு மாதம் காரின் முன்பக்கம் 'எங்கிருந்தோ' வந்துகொண்டிருந்த சத்தத்தை ஒரு குழாய்போலத் திறந்து மூடிக்கொண்டிருந்தார் அந்த மனிதர். வலப்பக்கம் ஒடிக்கும்போது வண்டியின் பாரம் இடப்பக்கம் சாய்கிறது. இடது சக்கரத்துக்குள் நோவு இருந்தால் பாரம் ஏறும்போது கத்தும், இறங்கும்போது அமைதியாகும். இவ்வளவுதான் விஷயம். சொன்னால் யாருக்கும் புரியும். ஆனாலும் அந்தக் காலையில், காலியான ரோட்டில் கார் குடிகாரன்போல ஆடிக்கொண்டு போனபோது, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"லெஃப்ட் முன் சக்கரம். பேரிங்" என்றார். அத்துடன் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஏசியைப் போட்டார்.

ஷெட்டில் ஜாக்கி ஏற்றிச் சக்கரத்தைக் கையால் சுற்றினார். என் கையை எடுத்து சஸ்பென்ஷன் சுருளின் மேல் வைத்தார். சக்கரம் சுற்றச் சுற்ற உள்ளங்கையில் நறநறவென்று ஏதோ ஓடியது, அரிசியில் கல் கடிக்கிற மாதிரி. வலது பக்கம் வைத்துக் காட்டினார், வழுவழுவென்று இருந்தது. சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பைக் கழற்றி, பிரஸ்ஸில் வைத்துப் பேரிங்கை வெளியே தள்ள ஒரு மணி நேரம் ஆனது. உடைத்துத் திறந்தார். உள்ளே இருக்க வேண்டிய கிரீஸ், ஆறிப்போன காபியின் நிறத்தில் நீர்த்துப்போயிருந்தது. குண்டுகள் ஓடும் தடத்தில் அம்மைத் தழும்புபோலக் குழிகள். அந்தக் கிரீஸைக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் எடுத்துத் தேய்த்துவிட்டு என் விரலில் கொஞ்சம் தடவினார். மணல்.

"ஓடிவந்த வண்டில ஹப் சூடா இருக்கும் சார். அப்படியே பச்சத் தண்ணில இறங்கினா உள்ள இருக்கிற காத்து சுருங்கும். சுருங்கினா சீல் வழியா தண்ணிய உறிஞ்சும். மழைல நனையறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. தேங்கின தண்ணி, அதுல மண்ணு. உள்ள போனது அன்னிக்கே சத்தம் போடாது. தின்னு தின்னு மெதுவாத்தான் போடும்." கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "எவ்ளோ ஆழம் இருந்துச்சு?"

"ஹப் வரைக்கும் பாய்" என்றேன். என் காரில் சக்கரத்தின் மையம் தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு அடி. ஒரே அடி. மேம்பாலத்தில் ஏற்றி வைத்ததெல்லாம் எவ்வளவு உயரம்!

"இல்லன்னீங்களே" என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. நானே தாங்காமல், "முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்று இழுத்தேன்.

"நீங்க சொல்லலைன்னா என்ன சார், நேத்து வாசல்ல ஹார்ன் அடிச்சீங்களே. சளி புடிச்ச ஹார்ன். அப்பவே தெரியும்."

பேரிங், பிரஸ் கூலி, எல்லாம் சேர்த்து 3,400 ரூபாய். பணம் கொடுக்கும்போது வலது பக்கம் எப்படி என்று கேட்டேன். இப்போதைக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா அதுவும் அதே தண்ணியிலதான போச்சு என்றார்.

அன்று மாலை மனைவியிடம் சொல்லிவிட்டேன். தண்ணீர், ஆட்டோ, தண்ணி லாரி எல்லாவற்றையும். ஹார்ன் மேட்டர் அன்றே தெரியும் என்றாள். "ரெண்டு வருஷ ஹார்ன் ஒரே ராத்திரியில பழசாகுமாங்க?" மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை அவர் கண்ணில் படாமல் இருக்க வேண்டும்.

ஹார்ன் புதிதாக மாட்டியாயிற்று. கார் ஊமையாகிவிட்டது, எண்பதில்கூட ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பால் வாங்கப் போகிற சாக்கில் ரேடியல் ரோடுவரை போய் வருகிறேன். ஏசியை அணைத்து, கண்ணாடியை இறக்கி, சில்லறையைச் சீட்டில் வைத்துவிட்டு, பின்னால் யாரும் வரவில்லை என்றால் அறுபதில் ஸ்டியரிங்கை மெல்ல இடப்பக்கம் ஒடிப்பேன். பாரம் வலது பக்கம் ஏறும். தலையைச் சாய்த்துக் கேட்பேன். இதுவரை காற்று மட்டும்தான்.